101 மணி நேரம் இணையம் இல்லாத வீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

செவ்வாய்க்கிழமை காலை 11.10 மணிக்கு எங்கள் வீட்டு இணையம் நின்றது. சனிக்கிழமை மாலை 4.30க்குத்தான் நிலையாகத் திரும்பி வந்தது. மொத்தம் 101 மணி நேரம், மேலே ஒரு 20 நிமிடம். எது நின்றது, எது நிற்காமல் ஓடியது, எங்கே தவறினோம் என்று அன்றன்றைக்கு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் 56 மணி நேரம்தான் வெளியே நடந்த கோளாறு. மிச்சம் 45 மணி நேரத்தைப் பதற்றத்தில் நாங்களே வரவழைத்துக்கொண்டோம்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. தினமும் மூன்று நான்கு வீடியோ கூட்டங்கள். மகள் கல்லூரிக் கடைசி வருடம். அவளுடைய ப்ராஜெக்ட் அறிக்கையை வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் ஆன்லைனில் ஏற்றியாக வேண்டும். நான் இரண்டு சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். அம்மாவுக்கு 74 வயது. இரவு எட்டரைக்கு வேறு ஊரில் இருக்கும் என் தங்கையின் முகத்தை வீடியோவில் பார்க்காமல் அம்மா படுக்கப் போகமாட்டார்.

முதல் அரை மணி நேரம்

உள் அறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்: "அம்மா, வைஃபை போச்சு!"

வைஃபை போகவில்லை. போனில் வைஃபை குறி முழுதாக இருந்தது, பக்கத்தில் ஒரு சின்ன ஆச்சரியக்குறியோடு. வைஃபை என்பது வீட்டில் இருக்கும் ரூட்டர் பெட்டிக்கும் நம் போனுக்கும் நடுவில் இருக்கும் ரேடியோ தொடர்பு. இணையம் அந்தப் பெட்டிக்கு வெளியிலிருந்து கம்பி வழியாக வருவது. இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் முதல் பத்து நிமிடம் வைஃபை கடவுச்சொல்லை அழித்து மறுபடி போடுவதிலேயே போனது.

வேறொரு சந்தேகமும் இருந்தது. கோளாறு நம் லைனிலா, நாம் பயன்படுத்தும் சேவையிலா? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்கக் காணாமல் போயின. அன்று யார் வீட்டு லைனிலும் குறையில்லை. மூன்றையும் நடத்தும் நிறுவனம் தன் வலையமைப்புக்கு வரும் வழியையே தவறுதலாக மூடிக்கொண்டது. அதனால் ஒன்று திறக்கவில்லையென்றால், அதோடு சம்பந்தமே இல்லாத வேறு இரண்டு தளங்களைத் திறந்து பார்க்க வேண்டும். பார்த்தோம். எங்களுக்கு எதுவும் திறக்கவில்லை.

அப்புறம்தான் பெட்டியின் விளக்குகளைப் பார்த்தோம். முதலில் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். ஃபைபர் இணைப்புள்ள வீட்டுப் பெட்டியில் இரண்டு விளக்குகள் முக்கியம். 'பான்' என்ற விளக்கு பச்சையாக, அசையாமல் எரிய வேண்டும். 'லாஸ்' என்ற விளக்கு எரியவே கூடாது. எங்கள் பெட்டியில் பான் அணைந்திருந்தது, லாஸ் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. கண்ணாடி இழை வழியாக வரவேண்டிய ஒளி பெட்டியை வந்து சேரவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். ஒளியே வராதபோது பெட்டிக்குள் எந்த அமைப்பை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை. ஒருமுறை மின்சாரத்தை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் சிவப்பு போகவில்லையென்றால் நம் கையில் ஒன்றும் இல்லை.

மகள் ஒரு குண்டூசியை எடுத்துக்கொண்டு வந்தாள். பெட்டியின் பின்னால் ஒரு சின்னத் துளைக்குள் ரீசெட் பொத்தான் உண்டே, அதை அழுத்துவதற்கு. நல்லவேளை, கணவர் தடுத்துவிட்டார். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. அந்தத் துளையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல், நிறுவனம் செய்து வைத்த அமைப்புகள் எல்லாம் அழிந்து பெட்டி புதுசு போலாகிவிடும். வெளியே லைன் சரியான பிறகும் வீட்டில் இணையம் வராது; அதைத் திரும்ப அமைக்க இன்னொரு ஆள் வரவேண்டும்.

குண்டூசியைத் தடுத்த அதே கணவர், அடுத்த நிமிடம் பெட்டி இருந்த அலமாரியை அரை அடி முன்னால் இழுத்தார். பின்னால் கைவிட்டு ஒவ்வொரு கம்பியாக அழுத்திப் பார்த்தார். அலமாரியை மறுபடி சுவரோடு தள்ளிவிட்டார். நானும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினேன். 45 மணி நேரக் கோளாறு அங்கேதான் பிறந்தது.

11.40க்குப் புகார் பதிவானது. "நெட் வரவில்லை" என்று சொல்லாமல், "காலை 11.10லிருந்து லாஸ் விளக்கு சிவப்பாக மின்னுகிறது, அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டோம்" என்று சொன்னதில் ஒரு பலன் இருந்தது. போனில் அரை மணி நேரம் இதைச் செய்யுங்கள், அதைச் செய்யுங்கள் என்று இழுக்காமல் நேராக லைன் பார்க்கும் ஆளுக்கே தகவல் போனது.

14 ஜிபி

கணவரின் போனில் அந்த மாதத்துக்கு 14 ஜிபி டேட்டா மீதி இருந்தது. போதும் என்றுதான் நினைத்தோம். மதியம் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு லேப்டாப்பை இணைத்து ஒன்றரை மணி நேரம் வேலை பார்த்தார். முடித்துவிட்டுப் பார்த்தால் 3.2 ஜிபி காலி.

எங்கே போனது என்று லேப்டாப்பிலும் போனிலும் பயன்பாட்டுக் கணக்கைத் திறந்து பார்த்தோம். அவருடைய வேலைக்குப் போனது அரை ஜிபிதான். 1.9 ஜிபிக்கு லேப்டாப் தன் மென்பொருள் புதுப்பிப்பை இறக்கியிருந்தது. 0.8 ஜிபி, ஹாட்ஸ்பாட்டில் கூடவே ஒட்டிக்கொண்ட மகளின் போன் போன மாதத்துப் படங்களையெல்லாம் மேலே ஏற்றியது. அவற்றின் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஹாட்ஸ்பாட்டும் வைஃபைதானே, இணைகிற கருவிக்கு அது வீட்டு வைஃபை போலத்தான் தெரியும். 'வைஃபை இருக்கும்போது மட்டும் செய்' என்று நாம் சொல்லிவைத்த கனமான வேலைகள் எல்லாம் அந்த நேரத்தில்தான் விழித்துக்கொள்ளும்.

இதற்கு வழி இருக்கிறது. விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' (டேட்டாவுக்கு அளவு உண்டு) என்று குறித்துவிடலாம். பெரும்பாலான புதுப்பிப்புகள் காத்திருக்கும். ஐபோனில் 2019ல் வந்த ஐஓஎஸ் 13 முதல் ஒவ்வொரு வைஃபைக்கும் தனியாகக் 'குறைந்த டேட்டா' முறை உண்டு. ஆண்ட்ராய்டிலும் ஒரு வைஃபையை மீட்டர்டு என்று வைக்கலாம். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஹாட்ஸ்பாட்டைத் திறப்பது, குழாயைத் திறந்துவிட்டுக் குடத்தைத் தேடப் போவது மாதிரி.

அன்று இரவு நான்கு பேரும் உட்கார்ந்து மீதி 10.8 ஜிபியைப் பங்கு போட்டோம். கணக்கு எளிதுதான். ஓரளவு தெளிவான வீடியோ அழைப்பு ஒரு பக்கத்துக்கு 600 கிலோபிட் வேகம் என்று வைத்தால், போக வர 1,200. ஒரு மணி நேரத்துக்கு 540 எம்பி. கேமராவை அணைத்துவிட்டுக் குரல் மட்டும் என்றால், பக்கத்துக்கு 80 கிலோபிட் வைத்தாலும் மணிக்கு 72 எம்பிதான். ஏழரை மடங்கு வித்தியாசம். அடுத்த நாள் காலையிலேயே கணவர் தன் குழுவில், "இந்த வாரம் எனக்குக் கேமரா கிடையாது" என்று சொல்லிவிட்டார். ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. வாரத்தில் இரண்டு கூட்டங்கள் மின்னஞ்சலிலேயே முடிந்தன.

ஹாட்ஸ்பாட்டுக்கு நேரம் வைத்தோம். காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை கணவர், மதியம் ஒரு மணி நேரம் நான், மாலை ஒரு மணி நேரம் மகள். மற்ற நேரத்தில் அணைத்து வைத்தோம். நாளெல்லாம் திறந்து வைத்தால் டேட்டா ஒருபுறம் போகும், போனும் கொதிக்கும். புதன்கிழமை முதல் கணவர் வைஃபை ஹாட்ஸ்பாட்டை விட்டு யூஎஸ்பி கம்பியிலேயே இணைத்தார். போனுக்குச் சார்ஜும் ஏறியது, தொடர்பும் அறுபடவில்லை, வேறு எந்தக் கருவியும் நுழைய வழியில்லை. சனிக்கிழமை மாலை மீதியைப் பார்த்தால் 4.1 ஜிபி இருந்தது. முதல் ஒன்றரை மணி நேரத்தில் 3.2 போன வீட்டில், அடுத்த நான்கு நாட்களுக்கு 6.7 ஆனது.

அம்மாவின் போன்

இந்த நிகழ்வில் என்னை உண்மையாகவே பயமுறுத்தியது இந்தப் பகுதிதான்.

செவ்வாய் இரவு எட்டே முக்காலுக்கு என் போனில் தங்கை அழைத்தாள். குரலே சரியில்லை. "அக்கா, அம்மாவுக்கு என்ன ஆச்சு? மூணு தடவை அடிச்சிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு வருது." அம்மா தன் அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கை இன்னும் கூப்பிடவில்லையே என்று உட்கார்ந்திருந்தார். நெட் இல்லாததால் வீடியோ வராது என்று சொல்லியிருந்தோம். சாதாரண அழைப்பு வரும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அம்மாவின் அறை வீட்டின் பின்பக்கம். அங்கே மொபைல் சிக்னல் கிட்டத்தட்டக் கிடையாது. இத்தனை நாளும் அது எங்களுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அவருடைய போனில் வைஃபை அழைப்பு வசதி இயங்கிக்கொண்டிருந்தது: டவர் சிக்னல் மங்கும்போது சாதாரண அழைப்பையும் வீட்டு இணையம் வழியாகவே அது கொண்டுவந்து கொடுத்தது. இணையம் நின்றபோது வீடியோ மட்டுமல்ல, அவருடைய டெலிபோனே நின்றுவிட்டது. இரவில் கீழே விழுந்து உதவிக்கு அழைத்திருந்தால்? அந்த அறையிலிருந்து அழைப்பு போயிருக்காது.

இரவு பத்து மணிக்கு அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். வைஃபையை அணைத்துவிட்டு, ஒவ்வொரு மூலையிலும் நின்று என் போனுக்கு ஒரு அழைப்பு. திரையில் தெரியும் கோடுகளை நம்பாமல், பேசிப் பார்த்தேன். கூடத்தில், கிழக்குப் பக்கத்து ஜன்னலை ஒட்டி ஓரிடத்தில் மட்டும் குரல் உடையாமல் வந்தது. அங்கே கை வைத்த நாற்காலி ஒன்றைப் போட்டேன், பக்கத்தில் சார்ஜரைச் செருகினேன். அம்மாவை அழைத்து வந்து உட்காரவைத்து, "போன் பேசணும்னா இங்கதான்மா" என்றேன். அந்த நான்கு இரவும் மகள் பாட்டியின் அறையிலேயே படுத்துக்கொண்டாள்.

புதன் இரவு தங்கை சாதாரண அழைப்பில் வந்தாள். அம்மா பழக்கத்தில் போனை முகத்துக்கு நேரே, ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினார். கறுப்புத் திரையைப் பார்த்துச் சிரித்தார், தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்துக் கை வலித்ததோ என்னவோ, போனைக் காதோடு வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் முடியும் பேச்சு அன்று 40 நிமிடம் போனது. வீடியோவில் பேரப்பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவார்கள், "பாட்டிக்குக் காட்டு, காட்டு" என்பதிலேயே நேரம் போகும். அன்று தங்கை தன் வேலையில் இருக்கும் ஒரு சிக்கலை முதல் முறையாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

இணையம் இல்லாமலே ஓடியவை

நாங்கள் நின்றுவிடும் என்று பயந்த சில, நிற்கவே இல்லை. கணவரின் அலுவலக நுழைவுக்கு ஒரு செயலி 30 நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண் காட்டும். அதற்கு இணையம் வேண்டும் என்று நினைத்திருந்தார். வேண்டாம். தொடக்கத்தில் ஒருமுறை பகிர்ந்துகொண்ட ரகசிய எண்ணையும் கடிகாரத்தையும் வைத்துப் போனே அதைக் கணக்கிடுகிறது. விமானப் பயன்முறையில் வைத்தாலும் எண் வரும். நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபிக்கும் இணையம் தேவையில்லை, டவர் சிக்னல் போதும்.

பிரிண்டரும் ஓடியது. வீட்டுக்குள் வைஃபை உயிரோடு இருந்ததால் என் லேப்டாப்பிலிருந்து பிரிண்டருக்குக் கோப்புகள் போயின, மகளின் போனிலிருந்து லேப்டாப்புக்குப் படங்கள் போயின. இணையம் இல்லாத வைஃபையை விட்டு விலகவா என்று போன் கேட்கும். அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நின்றுபோனதில் பெரியது மகளின் அறிக்கை. கூகுள் டாக்ஸில் எழுதி வந்தாள். ஆஃப்லைன் வசதியை இணையம் இருக்கும்போதே போட்டு வைத்திருக்க வேண்டும், போடவில்லை. தான் எழுதிய 60 பக்கமும் எங்கோ ஒரு சர்வரில் இருக்க, லேப்டாப்பில் ஒரு வரிகூட இல்லை. செவ்வாய் மாலை அவள் அழுதாள். தனக்கான ஹாட்ஸ்பாட் நேரத்தில் முதல் வேலையாக அந்தக் கோப்பை இறக்கிக்கொண்டாள். வெறும் எழுத்தும் சில படங்களுமாக 9 எம்பிதான் இருந்தது. அதன்பின் கடைசி அத்தியாயத்தை லேப்டாப்பிலேயே எழுதினாள். கூட ஏற்ற வேண்டிய செயல்முறை வீடியோ 1.4 ஜிபி. அதை ஹாட்ஸ்பாட்டில் ஏற்றினால் எங்கள் பங்கீடு குலைந்துவிடும் என்று, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை தோழி வீட்டுக்குப் போனாள். 11 மணிக்கெல்லாம் ஏற்றி முடித்துவிட்டாள். கடைசி மணி வரை லைன் வரும் வரும் என்று காத்திருக்க வேண்டாம் என்று அவளாகவே எடுத்த முடிவு அது. இந்த நான்கு நாளில் எங்கள் வீட்டில் எடுக்கப்பட்ட நல்ல முடிவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இரண்டு கோளாறுகள்

புதன்கிழமை லைன் பார்க்க வந்த தம்பி வீட்டு வாசலிலேயே மீட்டர் வைத்துப் பார்த்தார். ஒளி இல்லை. ஓடிடிஆர் என்று ஒரு கருவி உண்டு; இழைக்குள் ஒளித் துடிப்பை அனுப்பி, சிதறித் திரும்பும் ஒளி எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதை வைத்து, எத்தனை மீட்டரில் அறுந்திருக்கிறது என்று சொல்லும். வியாழன்தான் அது அவர் கைக்கு வந்தது. 340 மீட்டர் தள்ளி, உயரமான சரக்கு வண்டி ஒன்று குறுக்கே போன கேபிளை இழுத்துவிட்டுப் போயிருந்தது. ஒளி ஓடும் உள்பகுதி 9 மைக்ரான் விட்டம்தான், தலைமுடியைவிட மெல்லியது. இரண்டு முனைகளையும் இயந்திரத்தில் நேராக வைத்து மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். வியாழன் மாலை 7.10க்கு ஒட்டி முடித்தார். வீட்டு வாசலில் ஒளியின் அளவு −21.4 டிபிஎம் காட்டியது (கழித்தல் எண் பெரிதாக ஆக ஒளி மங்கல் என்று பொருள்). உள்ளே பச்சை விளக்கு வந்தது. நன்றி சொல்லி அனுப்பினோம்.

பத்தே நிமிடம். விளக்கு மறுபடி சிவப்பு. கொஞ்ச நேரம் பச்சை, மறுபடி சிவப்பு. திரும்ப அழைத்தால், புகார் சரிசெய்யப்பட்டதாக மூடப்பட்டிருந்தது. புதிதாகப் பதிந்து, வரிசையில் பின்னால் நின்றோம். பச்சையைப் பார்த்ததும் சரி என்று சொல்லிவிட்டது எங்கள் தவறு. ஒரு மணி நேரம் நிலையாக ஓடிய பிறகே மூடச் சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் அதே தம்பி வந்தார். இந்த முறை பெட்டிக்குள் நுழையும் முனையில் அளந்தார்: −28.6. இந்த வகைப் பெட்டிகளில் பொதுவாகப் புழங்கும் தரத்துக்கு −27 வரைதான் தாங்கும். வாசலில் −21.4 இருந்தது உள்ளே வருவதற்குள் 7.2 குறைந்திருக்கிறது. டெசிபல் கணக்கில் சின்ன எண்ணாகத் தெரிந்தாலும், ஒளி ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். "அக்கா, இந்த அலமாரிய நகத்துனீங்களா?" என்றார்.

முன்னால் இழுத்தார். பெட்டிக்கு ஒளியைக் கொண்டுவரும் மஞ்சள் கம்பி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கி, மடித்த காகிதம் போல ஒடிந்து கிடந்தது. பேனா மாதிரி ஒரு சிவப்பு லேசரை அதன் முனையில் மாட்டி, விளக்கை அணைக்கச் சொன்னார். கம்பியில் மடங்கிய இடத்தில் மட்டும் மஞ்சள் உறையையும் மீறிச் சிவப்பு வெளிச்சம் கசிந்து நின்றது. வளைவு இறுகினால் ஒளி இழைக்குள் நிற்காமல் வெளியே வழிந்துவிடும். அலைநீளம் கூடக் கூட அந்த இழப்பும் கூடும். வீட்டுக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டர், இங்கிருந்து போவது 1310. அதனால் நமக்கு வருவதுதான் முதலில் அடிபடும். அந்த 1490 கண்ணுக்கே தெரியாது. அதனால் கழற்றிய முனையை யாரும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். புதுக் கம்பி மாற்றிய பின் −21.8. இந்த முறை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் புகாரை மூடச் சொன்னோம்.

அதன் பிறகு

மஞ்சள் கம்பி இப்போது அலமாரியின் பக்கவாட்டில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளையமாகத் தொங்குகிறது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நான்கு விரல் இடம் விட்டிருக்கிறோம். கதவின் உட்புறம் ஒரு காகிதம்: இணைப்பு எண், புகாருக்கான தொலைபேசி எண், எந்த விளக்கு எப்படி இருக்க வேண்டும், 'துளையை அழுத்தாதே'. மகள் கையெழுத்து. அவளுடைய கோப்புகளுக்கெல்லாம் ஆஃப்லைன் போட்டாயிற்று. எல்லோர் போனிலும் ஹாட்ஸ்பாட் மீட்டர்டு என்று குறிக்கப்பட்டிருக்கிறது.

போன மாதம் பராமரிப்புக்காக இரவில் நான்கு மணி நேரம் இணைப்பு இருக்காது என்று முன்கூட்டியே தகவல் வந்தது. அம்மாவே எட்டே காலுக்குப் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டார். அன்று யாரும் ஹாட்ஸ்பாட்டைக்கூடப் போடவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது: பின் அறையில் வேறு ஏதாவது நிறுவனத்தின் சிக்னல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தவர்கள் வரும்போதெல்லாம் அவர்கள் போனை வாங்கி அங்கே வைத்துப் பேசிப் பார்க்கிறேன். ஒன்று கிடைத்ததும் அம்மாவின் எண்ணை அந்த நிறுவனத்துக்கு மாற்றிவிடுவோம். அதுவரை இணையம் நிற்கும் இரவுகளில் மகள் பாட்டியின் அறையில்தான் படுப்பாள்.